பல்லில் இல்லாத வலி

கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய கலைமகள், தன் மருத்துவ நாற்காலியில் தானே ஏறிப் படுத்தாள். சான் ரமோனில் இந்தப் பல் மருத்துவ நிலையத்தைத் திறந்த நாளிலிருந்து, பிறர் படுக்க அவள் குனிந்து நின்ற நாற்காலி அது. கீழேயிருந்து பார்த்தால் விளக்கு இவ்வளவு கூசும் என்பது அவளுக்கு இந்த மாதம்தான் தெரிந்தது.

"தென்றல், இடது பக்கம் கீழ. கடைசி ரெண்டு கடைவாய்ப்பல்லும் வேரோட தெரியிற மாதிரி எடுங்கோ."

உதவியாளர் தென்றல் தயங்கினாள். சென்னையிலிருந்து கல்யாணமாகி வந்த பெண். வாய் கொஞ்சம் அதிகம், கை சுத்தம்.

"மறுபடியுமா டாக்டர்? போன வாரம்தானே எக்ஸ்ரே எடுத்தோம்."

"எடுங்கோ பிள்ளை."

படம் திரையில் வந்தது. வேர்களைச் சுற்றி ஒரு நிழல்கூட இல்லை. எலும்பு வெள்ளையாக, கெட்டியாக நின்றது. கலைமகள் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். பனிக்குளிர் மருந்தில் தோய்த்த பஞ்சை வைத்துப் பார்த்தாள். பற்கள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக இருந்தன.

"உங்க பல்லு மாதிரி எல்லாருக்கும் இருந்தா நாம கடையை மூட வேண்டியதுதான் டாக்டர்," என்று தென்றல் சிரித்தாள்.

கலைமகளும் சிரித்துவைத்தாள். படுத்திருக்கும்போது வலி இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து பையோடு மாடிப்படி ஏறும்போதுதான் அது வந்தது. தாடைக்கு அடியில் தொடங்கிக் காதுப் பக்கமாக ஊர்ந்தது. உட்கார்ந்தால் போய்விட்டது. ஒருவர் நடக்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து வலிக்கும் பல் எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வி மனத்தின் வாசல்வரை வந்து நிற்கும். அவள் கதவைத் திறக்கமாட்டாள். திறந்தால் அதன் பின்னால் அவளுடைய சிறுநீரகம் நிற்கும்.

கலைமகள் சுன்னாகத்தில் பிறந்து, பேராதனையில் பல் மருத்துவம் படித்தவள். தர்மராசாவைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது அவளுடைய பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். சில வருஷம் அடுத்தவர் நிலையத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் குழந்தையோடு மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி கல்லூரிக்குப் போய், மறுபடி டாக்டர் ஆனாள். நோயாளிகளிடம் பூசி மெழுகிப் பேசத் தெரியாதவள் என்று பெயர். "இந்தப் பல்லைக் காப்பாத்த ஏலாது, வீணாச் செலவழிக்காதையுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனாலேயே ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கணுக்கால்கள் வீங்கின. சிறுநீர் நுரைத்தது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் ஒரு புரதம் படிந்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். மாத்திரையாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் இழுத்துப் பிடித்தும், இப்போது சிறுநீரகம் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்குதான் வேலை செய்தது.

அவளைவிடப் பயந்தவர் தர்மராசா. காரணம் இருந்தது. டொராண்டோவில் அவருடைய அண்ணன் நாலு வருஷம் டயாலிசிஸ் செய்து, ஒரு நாள் அந்த நாற்காலியிலேயே உயிரை விட்டார். தர்மராசா போய்ச் சேர்ந்தபோது குழாய்களில் இரத்தம் அப்படியே நின்றிருந்ததாம். அதற்குப் பிறகு அவர் டயாலிசிஸ் என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. "அது" என்பார்.

அவர் சிப் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை எஞ்சினியர். எந்தப் பயத்தையும் ஓர் எண்ணாக மாற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சிறுநீரக நோயாளிகளில் பலரைக் கடைசியில் கொண்டுபோவது இருதயம்தான் என்று இணையத்தில் படித்தார். ஏன் என்று தேடிப் போனதில் அகப்பட்டது ஹோமோசிஸ்டீன். சாப்பிடும் புரதத்திலிருந்து உடம்பு உண்டாக்குகிற ஒரு பொருள். சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கும். அது ஏறியவர்களுக்கு மாரடைப்பும் கூடுதலாக வருகிறது என்று எழுதியிருந்தது. ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்தால் இறங்கும் என்றும் எழுதியிருந்தது. இதைவிட என்ன வேண்டும் அவருக்கு? ஓர் எண், அதை இறக்க ஒரு வழி.

பரிசோதித்தபோது கலைமகளுக்கு அது முப்பத்தொன்று. இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

சிறுநீரக மருத்துவர் ஸ்ம்ருதி இளம் பெண். பெற்றோர் சென்னைக்காரர்கள்; தமிழை விடாமல் பேசுவாள். அன்று அவர்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"அங்கிள், நம்பர் இறங்கும். அதுல டவுட்டே இல்ல. ஆனா நம்பர் இறங்கினவங்களுக்கு ஹார்ட் அட்டாக் குறையலையே! பெரிய பெரிய ஸ்டடி பண்ணிப் பார்த்துட்டாங்க. டயபெடிஸால கிட்னி கெட்டவங்களுக்கு ஹை டோஸ் கொடுத்தப்போ, கிட்னி இன்னும் வேகமா மோசமாச்சு."

"கலைக்கு டயபெடிஸ் இல்லையே," என்றார் தர்மராசா.

"இல்லதான். ஆனா பிரயோஜனம் இருக்குன்னு யாரும் காட்டலையே. ஆன்ட்டிக்கு பி12 கொஞ்சம் கம்மி, அதுக்கு சாதாரண டோஸ் போதும். ஹார்ட்டைப் பார்த்துக்கணும்னா பிபி, கொலஸ்ட்ரால் மாத்திரை, ஃபாஸ்ஃபரஸ் கம்மியான சாப்பாடு, தினம் நடக்கிறது. இதுலதான் நம்ம வேலை இருக்கு."

தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தர்மராசா பெரிய அளவு வைட்டமின் குப்பிகளை வரவழைத்தார். கலைமகள் தடுக்கவில்லை. வைட்டமின்தானே, என்ன செய்துவிடப் போகிறது? அவர் தூங்கினால் சரி.

தாங்களாகவே வெளி ஆய்வகத்தில் எடுத்த அடுத்த பரிசோதனையில் எண் பதினொன்றுக்கு இறங்கியது. அன்று அவர் கையாலேயே பாயாசம் காய்ச்சினார். பாயாசத்தோடு வீட்டுக்குள் ஒரு நிம்மதியும் வந்து உட்கார்ந்தது. அந்த நிம்மதியில்தான் கலைமகள் கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டாள். அது போட்டால் தொடை உளைகிறது, நாள் முழுக்க நிற்கிறவளுக்குச் சிரமம். இருதயத்துக்குத்தான் வேறு காவல் வந்துவிட்டதே. ஸ்ம்ருதியிடம் சொல்ல நினைத்தாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

தாடை வலி வந்தது அடுத்த வருஷம் புரட்டாசியில். லிவர்மோர்க் கோயிலில் கூட்டம். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு வேகமாக நடந்தபோது, யாரோ தாடையைக் கீழேயிருந்து பிடித்து நெரிப்பதுபோல இருந்தது. வாசலில் நின்று, செருப்புக் கழற்றுகிற சாக்கில் குந்திக்கொண்டாள். போய்விட்டது.

"என்ன செய்யுது?" என்றார் தர்மராசா.

"பல்லு."

"பல் டொக்டருக்கே பல்லுவலியோ?" என்று அவர் சிரித்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

பிறகு அவள் உடம்போடு ஒரு பேரம் பேசிக்கொண்டாள். படி ஏறுவதில்லை, லிஃப்ட். சாமான் பைகளைத் தூக்குவதில்லை. வந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் போய்விடும். நெஞ்சில் வலி இல்லை, கையில் இல்லை. தாடையில் மட்டும்தான். பெண்களுக்கு மாரடைப்பின் வலி சில வேளை தாடையில் வரும் என்று பேராதனையில் படித்திருந்தாள். இங்கே வந்தும் படித்திருந்தாள். ஆனால் அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆஞ்சியோகிராம் என்பார்கள். இருதயக் குழாய்களைப் பார்க்க ஒரு சாயத்தை ஏற்றுவார்கள். அந்தச் சாயம், தள்ளாடிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை ஒரேயடியாகச் சாய்த்துவிடக்கூடும். சாய்ந்தால் "அது".

பல்லாகவே இருக்கட்டும் என்று அவள் மூன்றுமுறை எக்ஸ்ரே எடுத்தாள்.

அந்த மூன்றாவது எக்ஸ்ரே எடுத்த வியாழக்கிழமை, நிலையத்தை மதியத்தோடு மூடும் நாள். கலைமகள் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வீடு மலைக்கு அந்தப் பக்கம், மவுண்டன் ஹவுஸில். டப்ளின், பிளசன்டன், லிவர்மோர் தாண்டி, காய்ந்த புல் மஞ்சளாக மூடிய ஆல்டமாண்ட் குன்றுகள் மீது ஃப்ரீவே ஏறி இறங்கும். வெள்ளைக் காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றும். பதினைந்து வருஷமாகத் தினம் ஓட்டும் பாதை.

லிவர்மோரின் கடைசி எக்ஸிட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியபோது தாடை பிடித்தது.

அவள் நம்பவில்லை. உட்கார்ந்துதானே இருக்கிறேன்? உட்கார்ந்தால் வராது, அதுதானே பேச்சு? இருக்கையில் முதுகைச் சாய்த்து மூச்சை மெல்ல விட்டாள். வலி போகவில்லை. தாடையிலிருந்து இறங்கித் தொண்டையை அடைத்தது. ஏசி ஓடிக்கொண்டிருக்க, நெற்றியிலும் கழுத்திலும் குப்பென்று வியர்த்தது.

அந்த நேரம் பார்த்து மகளின் அழைப்பு வந்தது. தர்சனா டெக்ஸஸில், ரவுண்ட் ராக்கில் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமைகளில் அம்மா காரில் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள்.

"ஹாய் அம்மா! ஹவ் வாஸ் வொர்க்?"

"ம்ம்... நல்லம். நீ சாப்பிட்டியா?"

"அம்மா, வை டு யூ சவுண்ட் லைக் தட்?"

"ஒண்டுமில்லை. பல்லு—"

சொல்லி முடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய டிரக் காது கிழிய ஹார்ன் அடித்தது. கலைமகள் திடுக்கிட்டுப் பார்த்தபோது, அவளுடைய கார் கோட்டைத் தாண்டிப் பாதிக்கு மேல் அடுத்த லேனுக்குள் போயிருந்தது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினாள். இடது கை சொன்னபடி கேட்கவில்லை. மரத்துப்போன வாய்போல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது.

"அம்மா! புல் ஓவர். ப்ளீஸ், ஓரமா நிறுத்துங்க!"

வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். இறக்கத்தில் கார் தானாகவே உருளும். வீட்டில் போய்ப் படுத்தால்... ஒரு கணம் அவள் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த கணம் கண்ணாடியில் பின்னால் வந்த வண்டிகள் தெரிந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, வேலை முடித்துப் பிள்ளைகளை ஏற்றப் போகிறவர்களின் வண்டிகள். என் பிடிவாதத்துக்கு இவர்கள் ஏன் சாகவேண்டும்? அவள் சிக்னல் போட்டு, ஓரத்துக்கு நகர்ந்து, சரளைக்கல்லில் காரை நிறுத்தினாள். டிரக்குகள் கடக்கும்போதெல்லாம் கார் குலுங்கியது.

நிறுத்திய பிறகும் வலி போகவில்லை.

"நிப்பாட்டிட்டன் பிள்ளை. நீ கூப்பிடு, ஆம்புலன்ஸ்."

"ஐ கான்ட்!" தர்சனா அழுதுகொண்டிருந்தாள். "நான் கால் பண்ணினா டெக்ஸஸுக்குத்தான் போகும். அவங்களுக்கு நீங்க எங்கன்னு தெரியாது. யூ ஹாவ் டு கால், அம்மா. என்னோட காலைக் கட் பண்ணுங்க. நைன் ஒன் ஒன் அடிங்க. இப்பவே!"

தர்சனா இவ்வளவு தமிழை ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. ஆனால் மகளின் குரலைத் துண்டிக்க விரல் வரவில்லை. அதை வெட்டினால் இந்த மலையில், காற்றுச் சத்தத்தோடு அவள் தனி. அடுத்த அழைப்பை அடித்தால் ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரி வரும், சாயம் வரும், எல்லாம் வரும்.

"அம்மா!"

அவள் துண்டித்தாள். மூன்று எண்களை அழுத்தினாள். மறுமுனையில் கேட்ட பெண்ணிடம், எந்த ஃப்ரீவே, எந்தத் திசை, எந்த எக்ஸிட்டுக்குப் பிறகு என்றெல்லாம் சொன்னாள். பிறகு, தானும் முதல்முறை கேட்பதுபோல, ஆங்கிலத்தில் சொன்னாள்: "எனக்கு மாரடைப்பு என்று நினைக்கிறேன். எனக்குச் சிறுநீரக நோயும் இருக்கிறது."

மருத்துவமனையில் ஆஸ்பிரின் கொடுத்தார்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றினார்கள், நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். இருதயத் தசை நசிந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தை அளந்தார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு அது எப்போதுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்குமாம். அதனால் ஒரு தடவை பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, மேலே போகிறதா என்று பார்க்கவேண்டும் என்று காக்கவைத்தார்கள். இரண்டாவது முறை அது மூன்று மடங்காகியிருந்தது.

தர்மராசா ஓடி வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை இன்னும் தொங்கியது.

"கலை! பல்லு எண்டெல்லோ சொன்னீர்?"

"பல்லு இல்லையப்பா."

இருதய மருத்துவர் உயரமான வெள்ளைக்காரர், சுற்றி வளைக்கவில்லை. மாரடைப்புதான். முழு அடைப்பு இன்னும் இல்லை, ஆனால் அதை நோக்கிப் போகிறது. இன்று மாலையே ஆஞ்சியோகிராம் செய்து குழாயைத் திறக்கவேண்டும் என்றார்.

"சாயம் வேண்டாம்," என்றாள் கலைமகள்.

"வேண்டாம்," என்று தர்மராசாவும் சொன்னார். "டொக்டர், இவவின் ஹோமோசிஸ்டீன் பதினொன்று. நார்மல். இவவுக்கு அடைப்பு வர வாய்ப்பு இல்லை." ஆங்கிலத்தில், தன் கம்பெனிக் கூட்டத்தில் பேசுவதுபோல நிதானமாகப் பேச முயன்றார்.

மருத்துவர் அவரைக் கோபிக்கவில்லை. "அந்த எண் நன்றாக இருப்பது நல்லதுதான். ஆனால் இன்று அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை," என்று தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்த திரையைக் காட்டினார். "இதுதான் சொல்கிறது."

அவர் வெளியே போனதும் தாடை மறுபடி பிடித்தது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பிடித்தது. நர்ஸ் ஓடிவந்து மருந்தின் வேகத்தைக் கூட்டினாள். கலைமகள் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டாள். பேச முடியவில்லை. தர்மராசாவின் முகம் சாம்பலாகப் போயிருந்தது.

ஸ்ம்ருதி வந்தது அப்போதுதான். கிளினிக்கிலிருந்து நேரே வந்திருந்தாள், காரின் சாவி கையிலேயே இருந்தது. நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, மறைக்காம சொல்லிடறேன். அந்த டை, அந்தச் சாயத்தால கிட்னி அடி வாங்கலாம். எவ்வளவு வாங்கும்னு எனக்குத் தெரியாது. முடிஞ்ச அளவு கம்மி டையில முடிக்கச் சொல்லியிருக்கேன். கையில டியூப் போட வேணாம், தொடை வழியா போங்கன்னும் சொல்லிட்டேன்."

"ஏன் கையில வேண்டாம்?" என்றார் தர்மராசா.

"கை ரத்தக்குழாய் பின்னாடி தேவைப்படலாம் அங்கிள்."

பின்னால் எதற்கு என்று மூன்று பேருக்குமே தெரிந்தது; "அது" நடப்பதும் கை இரத்தக்குழாய் வழியாகத்தான்.

"கிட்னி போயிடுச்சுன்னா டயாலிசிஸ் இருக்கு, டிரான்ஸ்ப்ளான்ட் இருக்கு," என்று ஸ்ம்ருதி தொடர்ந்தாள். "ஹார்ட்ல அந்த மஸில் செத்துடுச்சுன்னா, அந்த இடத்துல வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க வேணாம்னா மருந்தோட மட்டும் பார்க்கலாம். ஆனா வலி மருந்தைத் தாண்டி வருது. எனக்குப் பயமா இருக்கு ஆன்ட்டி."

அவள் வெளியே போய், இருவருக்கும் தனிமை கொடுத்தாள்.

"மருந்தோட பாப்பம் கலை," என்றார் தர்மராசா. "அது வேண்டாம். அண்ணாவை நான் பாத்தனான். நீர் பாக்கேல்லை."

கலைமகள் கண்ணை மூடித் திறந்தாள். தன் நாற்காலியில் படுத்திருப்பவரிடம் அவள் எத்தனை முறை நேருக்கு நேர் சொல்லியிருப்பாள், காப்பாற்ற முடிந்தது எது, முடியாதது எது என்று. தனக்குச் சொல்லத்தான் இத்தனை காலம் பிடித்தது.

"இஞ்சேருங்கோ. அண்ணா என்னத்தாலை செத்தவர்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்கோ."

"ஹார்ட் அட்டாக்."

"மெஷின் அவரைக் கொல்லேல்லையப்பா. மெஷினாலை அவர் நாலு வருசம் இருந்தவர். நெஞ்சு நிண்டுதான் செத்தவர். நீங்கள் அந்தக் குழாயைப் பாத்துப்போட்டு அதுக்குப் பயப்பிடுறியள். நானும் அதுக்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் பல்லைப் படம் எடுத்துக்கொண்டிருந்தனான்." மூச்சு முட்டியது, நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "எனக்குத் தெரியும், இது பல்லில்லை எண்டு. முதல் நாளே தெரியும்."

தர்மராசா கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. வெகுநேரம் இல்லை, கொஞ்சம்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் போய் அவையளைக் கூப்பிடுறன்," என்றார்.

இருதயத்தின் முன்பக்கத்து முக்கியக் குழாய் மயிரிழை அளவுக்குத்தான் திறந்திருந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பு படிந்து, கல்லாகியிருந்தது. சிறுநீரக நோயாளிகளின் குழாய்கள் அப்படித்தான் என்றார் மருத்துவர். அந்தக் கல்லை உடைத்து, குழாய்க்குள் சல்லடைபோல ஒரு கம்பிச்சுருளை விரித்து வைத்தார்கள். மேசையில் விழித்துக்கொண்டே படுத்திருந்த கலைமகளுக்கு, ஒரு கணத்தில் தாடையை நெரித்த கை விட்டுவிட்டது. வாரக்கணக்கில் அவளைப் பிடித்திருந்த கை. "வலி போட்டுது," என்றாள் தமிழில். அங்கே யாருக்கும் புரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சிறுநீர் குறைந்தது. நர்ஸ் ஒவ்வொரு முறையும் அளந்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் போனாள். இரத்தத்தில் கழிவின் அளவு ஏறியது. அடுத்த நாள் இன்னும் ஏறியது. அதற்கடுத்த நாளும். டெக்ஸஸிலிருந்து வந்த தர்சனா, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வீங்கிய பாதங்களைத் தடவிக்கொண்டிருந்தாள். ஸ்ம்ருதி காலையும் மாலையும் வந்தாள். இப்படியே போனால் இரண்டொரு நாளில் டயாலிசிஸ் தொடங்க வேண்டியிருக்கும் என்றாள். தர்மராசா வராந்தாவில் நடந்தபடி இருந்தார். அந்த மாடியின் கோடியில்தான் டயாலிசிஸ் அறை. அங்கே வரை போவார், கதவுக்கு முன்னால் திரும்பிவிடுவார்.

திங்கட்கிழமை காலை ஏறுவது நின்றது. செவ்வாய் சிறிது இறங்கியது. "இப்போதைக்குத் தப்பிச்சீங்க," என்றாள் ஸ்ம்ருதி. சிரித்தபோதுதான் அவளும் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்பது தெரிந்தது.

அப்போது கலைமகள் எல்லாவற்றையும் சொன்னாள், பெரிய அளவு வைட்டமின்கள், நிறுத்திவிட்ட மாத்திரை எல்லாம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி."

"சொன்னால் நீங்கள் மறிச்சிருப்பியள்."

"ஆமா. அதுக்குத்தானே நான் இருக்கேன்?"

"அதாலைதான் இது வந்ததோ?"

"அப்படின்னு யாரும் சொல்ல முடியாது. இது பல வருஷமா படிஞ்சது. அந்த ஹோமோசிஸ்டீன், கிட்னி சரியில்லைன்னு காட்டற இன்னொரு நம்பர், அவ்வளவுதான். அதைக் கீழ இழுத்ததால ரத்தக்குழாய் சரியாகிடல." தர்மராசா இருந்த பக்கம் திரும்பிப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னாள்: "அங்கிளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் கையில கிடைச்சதைப் பிடிச்சுக்கிட்டார்."

வீட்டுக்குப் போன அன்று, அலமாரியைத் திறந்த தர்சனா, "வாட் இஸ் திஸ், ஃபார்மஸியா?" என்று கேட்டுக்கொண்டே குப்பிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனாள். தர்மராசா தடுக்கவில்லை. தொடை உளைவு கொடுக்காத வேறொரு கொலஸ்ட்ரால் மாத்திரை வந்தது. வாரத்தில் மூன்று நாள் கலைமகள் மருத்துவமனையின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், நெஞ்சில் கம்பிகளோடு நடைமேடையில் நடந்தாள். முதல் நாள் கால் வைக்கவே பயந்தாள். தாடை எப்போது பிடிக்கும் என்று காத்துக்கொண்டே நடந்தாள். அது பிடிக்கவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் நிலையத்துக்குப் போகத் தொடங்கினாள்.

சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நூற்றுக்குப் பதினேழில் நின்றது, மாசிக்குள் பதினான்கு. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்தாயிற்று. அது கிடைக்கும்வரை வீட்டிலேயே, வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் செய்யலாம் என்று ஸ்ம்ருதி சொன்னாள். அதற்குக் கணவன் மனைவி இருவரும் ஒரு வகுப்புக்குப் போகவேண்டும்.

வகுப்பு நாளும் வந்தது. தர்மராசா வாசலோடு நின்றுவிடுவார் என்றுதான் கலைமகள் எதிர்பார்த்தாள். தானே தனியாகக் கற்றுக்கொள்ளவும் ஆயத்தமாக வந்திருந்தாள்.

கதவைத் திறந்து முதலில் உள்ளே போனது தர்மராசா. மேசையில் திரவப் பைகளும் மெல்லிய குழாய்களும் பரப்பியிருந்தன. அவர் அந்தக் குழாய்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து, முன் வரிசையில் உட்கார்ந்தார்.

கையை எப்படிக் கழுவவேண்டும், முகமூடி எப்போது போடவேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் அவர் கையைத் தூக்கினார்.

"எங்கள் வீட்டுப் பக்கம் காற்று பலம். ஜன்னலைத் திறந்தால் தூசி வரும். அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?"

ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்திய, நடமாட்டம் குறைந்த அறை வேண்டும் என்றாள் நர்ஸ்.

தர்மராசா கலைமகள் பக்கம் சாய்ந்தார். "தர்சனாவின்ரை அறையைத் துப்புரவாக்குவம். அங்கைதான் காத்து இல்லை," என்றார் மெதுவாக. "இந்தச் சனிக்கிழமையே செய்வம்."

"ஓம்," என்றாள் அவள்.

நர்ஸ் அடுத்த பையை எடுத்து, அதன் மூடியை எப்படித் திருகவேண்டும் என்று காட்டத் தொடங்கினாள்.